குடிப்பது நானல்ல, கார்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நலம் என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் முறை. ஆனால் நான் அப்படி எழுதினால் நீங்கள் பெருமூச்சு விட்டு, "பாவம், கை நடுங்காமத்தான் எழுதியிருக்காரு" என்று உங்கள் வீட்டம்மாவிடம், அதாவது நம் அக்காவிடம், காட்டுவீர்கள் என்று தெரிந்துபோனதால், அந்த வார்த்தையை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். அங்கே நீங்களும், அக்காவும், அக்காவின் காலும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் தங்கையும் சுகமாக இருக்க வேண்டும். ரொம்ப சுகமாக இருந்துவிடக் கூடாது என்பது மட்டும் என் தாழ்மையான விண்ணப்பம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் என் கண்ணாடிக் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். சட்டைப் பையில் நல்ல கண்ணாடி ஒன்று இருக்கும்போதே, பவர் பார்க்க வேண்டும் என்றார். உட்கார வைத்து, எதிரே இருக்கும் எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். அவர் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். லென்ஸ் மாட்டக் குனிந்தபோது மூக்கை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, ரோஜாப்பூவை மோந்து பார்ப்பதுபோல ஒரு இழுப்பு இழுத்தார். எனக்கு அன்று பல்வலி. வாயில் கிராம்பு. கிராம்பு வாசனை வந்ததும் அவர் தலையை மெல்ல ஆட்டினார் பாருங்கள், எல்லாம் விளங்கிவிட்டது என்கிற ஆட்டம். என் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு காலமாக என்று கேட்டார். கடையைக் கேட்கிறார் என்று நினைத்து, கல்யாணத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சது சார், எங்கப்பா பழக்கிவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன். தினமுமா என்றார். ஞாயிற்றுக்கிழமை லீவு, ஆனாலும் கை சும்மா இருக்காது, வீட்டில் வைத்துக் கொஞ்சம் பார்ப்பேன் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் தான் ஒரு டாக்டர் என்றும், உங்கள் பழைய சிநேகிதர் என்றும், நீங்கள்தான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினீர்கள் என்றும் சொன்னார். போகும்போது, "உங்க வீட்டம்மாகிட்ட மச்சான் இன்னும் சொல்லல. அதுக்குள்ள நிறுத்திடுங்க" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மச்சான், நான் குடிப்பதில்லை. குடிப்பது கார்.

நீங்கள் ஏன் அப்படி நினைத்தீர்கள் என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க இப்போது எனக்கு நேரம் தாராளம். அன்றைக்கு நான் போன் செய்தேனே, அதுதான் காரணம். உங்கள் ஊர் லைனில் ஒரு வாக்கியமும் வால் முளைத்து வருவதில்லை. நான் இந்தப் பக்கம், உங்க வீட்டுக்குக் கிளம்பினாலே குடிக்குது, ஏத்தத்துல ரொம்பக் குடிக்குது, எதுக்குக் குடிக்குதுன்னே புரியல என்று காரைப் பற்றிப் புலம்பியிருக்கிறேன். அந்தப் பக்கம் உங்களுக்கு 'குடிக்' என்பதோடு அறுந்து வந்திருக்கிறது. மிச்சத்துக்கு நீங்களாக ஒரு 'கிறேன்' ஒட்டிக்கொண்டீர்கள். ஒரு 'குது'வுக்கும் ஒரு 'கிறேன்'னுக்கும் நடுவில் என் மானம் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. போதாததற்கு, உங்க தங்கச்சி இப்ப என்ன எடை இருப்பா மச்சான் என்று வேறு கேட்டேன். எதுக்கு மாப்பிள்ளை என்றீர்கள். மூட்டை கட்டணும் என்றேன். அதற்கப்புறம் நீங்கள் வெகுநேரம் பேசவே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நான் வைத்துவிட்டேன். இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்கே என்னைப் பற்றி பயமாகத்தான் இருக்கிறது.

ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன். அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்த சேதி வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் காரில் கிளம்பினோமே, அன்றைக்கு ஆரம்பித்தது. எங்கள் காரை உங்களுக்குத் தெரியும். இரண்டு கதவு, உருண்டைக் கண், தெருவே சோப்பு டப்பா என்று கூப்பிடும். பெட்ரோல் முள் பாதியில் படுத்துப் பல வருஷமாச்சு, டேங்க் நிரம்பினாலும் பாதி, காலியானாலும் பாதி. ஊரில் உள்ளவனையெல்லாம் சின்ன எழுத்தைப் படி படி என்று மிரட்டுகிறவன் தன் கார் முள்ளைப் பார்க்க முடியாமல் போவது என்ன பொருத்தம் என்று உங்கள் தங்கை அடிக்கடி கேட்பாள். வழக்கமாக நடுவழியில் ஒரு பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொள்வோம். அன்று அங்கே லோடு வரவில்லை என்று கயிறு கட்டியிருந்தார்கள். போய்விடும், நம்ம வண்டி மைலேஜ் குடுக்கும் என்று நான் தைரியமாக ஓட்டினேன். மேட்டுச் சாலையில் பாதி ஏற்றத்தில் வண்டி ஒரு இருமல் இருமியது, அதோடு சரி. காற்று வேறு. உங்கள் தங்கை சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒரு கையால் தள்ளினாள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயால் தள்ளினேன். கடைசியில் மெத்தை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்தது. டிரைவர் பக்கத்தில் இடமில்லை, பின்னால் மெத்தைகளுக்கு மேலே அவளை ஏற்றிவிட்டேன். மகாராணி மாதிரி அங்கிருந்து கீழே என்னைப் பார்த்தாள்.

"ஒரே டேங்க்ல இது எங்கண்ணன் வீட்டு வாசல்ல வந்து நிக்கிற அன்னிக்கு வந்து என்னைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் நான் இதுல ஏறமாட்டேன்."

வேன் போய்விட்டது. மெத்தை மேலே உட்கார்ந்து சொன்னதால் அது அவ்வளவு கடுமையாகக் கேட்கவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். எவரோ ஒரு கேனில் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றி, நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. ரோஷம். அந்த ரோஷத்தை இப்போது யாராவது எடைக்கு எடுத்துக்கொண்டால் தேவலை.

மறுநாளே மெக்கானிக் ஜெட்டு அண்ணனிடம் போனேன். நிஜப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். கார்புரேட்டருக்குள்ளே பெட்ரோல் பீய்ச்சுகிற சின்னப் பித்தளைத் துளைக்கு ஜெட் என்று பேர். எந்த வண்டி எந்தக் கோளாறோடு வந்தாலும், ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தால்கூட, ஜெட்டுல அடைப்பு என்பார். என் வண்டிக்கும் அதையே சொன்னார். கழற்றி ஊதினார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. பெட்ரோல் அதிகமா குடிச்சா இப்படித்தான் கறுக்கும், பிஸ்கட் கலர்ல இருக்கணும் என்று சொல்லித் துடைத்து மாட்டினார். நான் சுற்றுச்சாலையில் ஒரு சுற்றுப் போய்வந்து மறுபடி கழற்றச் சொன்னேன். பிஸ்கட் கலர். அருமையாகக் குடுக்கிறது. அப்படியானால் அன்றைக்கு மட்டும் ஏன் குடித்தது என்று கேட்டேன். அன்னிக்கு ரெண்டு பேர் போனீங்கல்ல, வெயிட்டு என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. கனத்தைக் குறைத்தால் குடி குறையும். மேலே இருந்த கேரியரைக் கழற்றினேன். பின் சீட்டைக் கழற்றினேன். ஸ்பேர் டயரை இறக்கினேன். மிதியடி, ஜாக்கி, துடைக்கிற துணி, டேஷ்போர்டுக்குள் கிடந்த பழைய ரசீதுகள் எல்லாம் வெளியே. டயருக்குக் காற்றைக் கல் மாதிரி ஏற்றினேன். இப்போது ஒரு கூழாங்கல்லில் ஏறினாலும் என் கடைவாய்ப்பல் வரைக்கும் தெரியும், அந்தப் பல்வலி அங்கேயிருந்து வந்ததுதான். பிரேக் போட்டால் பெட்ரோல் வீண் என்பதால் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, சிக்னல் பச்சையாக மாறும்வரை ஊர்ந்து ஊர்ந்து போனேன். பின்னால் வந்த பள்ளிக்கூட வேன்காரர் இறங்கி வந்து உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் குடுத்தது. அந்த சந்தோஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னாடி இடது பக்க சீட்டையும் கழற்றி வாசலில் வைத்தேன்.

எங்கள் மாடியில் தையல் வகுப்பு நடத்தும் அம்மாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவருக்கு மெஷினில் கால் ஓடுகிற வேகத்துக்குக் கண் ஜன்னலுக்கு வெளியே ஓடும். மேலேயிருந்து கேட்டார்.

"எல்லாத்தையும் கழட்டிட்டீங்களே சார், வீட்டம்மாவைக் கூட்டிட்டு வரப் போறேன்னீங்க. அவங்க எங்க உக்காருவாங்க?"

மச்சான், சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை. வாசலில் அந்த சீட் மட்டும் தனியாக ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நான் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறுகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. மாடியம்மா பிறகு இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அவர் ஜன்னல் சாத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சீட்டைத் திரும்ப மாட்டினேன். சரி, அவள் உட்கார்ந்தால் எவ்வளவு குடிக்கும் என்று தெரிந்தாக வேண்டுமே. அதற்குத்தான் உங்களிடம் எடை கேட்டது. நீங்கள் சொல்லாததால் நானே உத்தேசமாக ஒரு சாக்கில் மணலை அள்ளிப்போட்டுக் கட்டினேன். அந்த மூட்டையைத்தான் மச்சான் கட்டினேன். சீட்டில் தூக்கி வைத்தால் வளைவில் என் மேல் சாய்கிறது, பிரேக் போட்டால் முன்னால் விழுகிறது. அதற்காக உங்கள் தங்கையின் பழைய சால்வையைச் சுற்றி சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். இப்படி நானும் மூட்டையும் தினம் சாயந்தரம் கடை சாத்திவிட்டு சுற்றுச்சாலையில் ஒரு ரவுண்டு. ஊரில் என்ன பேச்சு என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த டாக்டர் வரும் வழியிலேயே நாலு பேரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருப்பார்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. மூட்டையோடு பேச ஆரம்பித்துவிட்டேன். முதலில் வண்டி விஷயம்தான், இந்த கியர்ல போனா நல்லா குடுக்குது பாத்தியா என்கிற மாதிரி. அப்புறம் கடை விஷயம். இன்னிக்கு ஒரு அம்மா பழைய கண்ணாடியே போதும்னு போயிட்டாங்க. தெருமுனைக் கடையில பிரெட் மாறிப்போச்சு, வாயில வைக்க முடியல. வீட்டில் ரேடியோ இருக்கிறது, ஆனால் அது பதில் எதிர்பார்க்காமல் பேசுகிறது. மூட்டையாவது கேட்கிறது. படுக்கை விரிப்பைத் துவைத்தால் தனியாக மடிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியுமா? ஒரு முனையை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறேன், கம்பி விட்டுவிடுகிறது. காலையில் டீ போட்டால் கை தானாக இரண்டு டம்ளர் எடுக்கிறது. கொட்ட மனசில்லாமல் இரண்டையும் நானே குடிக்கிறேன். அந்தக் குடியை ஒப்புக்கொள்கிறேன். கடைக்கு வருகிறவர்களைக்கூட முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை படிங்க என்கிறேன். தெரியாமல் இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான்.

கதைக்கு வருகிறேன். மூட்டை உட்கார்ந்தும் வண்டி நன்றாகவே குடுத்தது. பிளக் பிஸ்கட் கலர். அப்படியானால் கனம் காரணமில்லை. ஜெட்டு அண்ணன் காறித் துப்பிவிட்டு, மறுபடி ஜெட் என்றார். எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. அன்றைக்கு வண்டியில் என்னென்ன இருந்ததோ அத்தனையும் அப்படியே வைத்துப் பார்ப்பது என்று கேரியர், பின் சீட், குடை, தண்ணீர் பிளாஸ்க் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தேன். உங்கள் தங்கை அன்று கொண்டுவந்த கைப்பை மட்டும் மிச்சம். மெத்தை வேனில் ஏறுகிற அவசரத்தில் பெட்டியை எடுத்தவள் அதைக் காரிலேயே விட்டுவிட்டாள், நான் கொண்டுவந்து அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தேன். அதை எடுத்துவந்து, அவள் எப்போதும் மாட்டுகிற இடத்தில் மாட்டினேன். டேஷ்போர்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ் ஒன்று உண்டு, அதில்தான் மாட்டுவாள்.

அந்தக் குமிழ் என்ன தெரியுமா மச்சான்? சோக். குளிர் காலையில் வண்டி கிளம்பாவிட்டால் அதை இழுத்துக் கொஞ்சம் அதிகமாகப் பெட்ரோல் கொடுப்போம், கிளம்பியதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். நம் வண்டியில் அது தேய்ந்து லொடலொட. பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டால், ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் குமிழ் நத்தை தலை நீட்டுவதுபோல வெளியே வந்தது. சுற்றுச்சாலை பாதி போவதற்குள் முழுசாக வெளியே. பின்னால் கறுப்புப் புகை. ஜெட்டு அண்ணன் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் பை இல்லை, நான் தனியாகப் போனபோதெல்லாம் பை இல்லை. உங்கள் தங்கை ஏறினால் மட்டும் வண்டி குடித்ததற்குக் காரணம் அவள் எடையல்ல, அவள் பை.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று மூட்டையிடம் சொன்னேன். அடேயப்பா, எப்படிப்பட்ட வெற்றி. ஏற்றத்தில் நின்றதற்கும், அவள் தள்ளியதற்கும், மெத்தை மேல் உட்கார்ந்து என்னைத் திட்டியதற்கும் காரணம் அவளேதான். இதை அவளிடம் எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்தி, எந்த இடத்தில் லேசாகச் சிரிப்பது என்று ஒத்திகையே பார்த்தேன். அப்புறம் இவ்வளவு கனமாக அதில் அப்படி என்னதான் வைத்திருக்கிறாள் என்று பையைத் திறந்தேன். இத்தனை வருஷத்தில் நான் அவள் பையைத் திறந்ததில்லை.

மேலே என் மஃப்ளர். அடியில் என் வயிற்றுக் கோளாறுக்கு மருந்து பாட்டில். என் தைலம். என் துண்டு. என்னுடைய இன்னொரு கண்ணாடி, அதற்கு இன்னொரு கண்ணாடி. வழியில் எனக்குப் பசித்தால் தின்ன பிஸ்கட். நான் பாதி படித்து வைத்த வாரப் பத்திரிகை, நிறுத்திய பக்கம் மடித்திருந்தது. ஷூ கடித்தால் போட்டுக்கொள்ள என் பழைய செருப்பு, காகிதத்தில் சுற்றி. அவளுடையது என்று ஒரே ஒரு சீப்பு.

ஒத்திகையை அங்கேயே நிறுத்திவிட்டேன். ஆக, பெட்ரோல் குடித்தது கார்கூட இல்லை மச்சான். அந்த விதத்தில் உங்கள் டாக்டர் மோந்து பார்த்தது சரியான ஆளைத்தான்.

எனவே கைப்பை விஷயத்தை நீங்கள் தயவுசெய்து அவளிடம் சொல்ல வேண்டாம். டேங்க் நிரப்பி, சோக்கை ஒரு ரப்பரால் கட்டி, வண்டி தயாராக நிற்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரே டேங்க்கில் உங்கள் வாசலில் வந்து நின்று ஹாரன் அடிப்பேன். அவள் சொன்ன நிபந்தனை நிறைவேறிவிட்டது, வர வேண்டியதுதான் என்று நீங்கள் அண்ணன் என்கிற முறையில் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கால் கூடி, இப்போது மாடிப்படியே ஏறி இறங்குகிறார் என்று நீங்களே போனில் சொன்னீர்கள். அப்போது பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. உங்கள் தங்கைதான். லைனில் வார்த்தை அறுந்தாலும் சிரிப்பு அறுவதில்லை. இங்கே அவள் அப்படிச் சிரித்துக் கொஞ்ச காலமாகிறது. அக்கா நடக்க ஆரம்பித்த பிறகும் அவள் கிளம்புகிறேன் என்று சொல்லாததற்குக் கார்தான் காரணம் என்று நானாகவே முடிவுகட்டி, அந்த முடிவில் ஸ்பானரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். வேறு காரணம் இருந்தால் அதற்கு ஜெட்டு அண்ணனிடம் மருந்தில்லை.

அக்காவின் காலுக்கும், கால் வழியாக அக்காவுக்கும் என் வணக்கம். வீட்டில் சிறிசுகளுக்கு என் ஆசீர்வாதம், பெரிசுகளின் ஆசீர்வாதம் எனக்கு. டாக்டருக்கு ஒரு ஜோடி கண்ணாடி நான் இலவசமாகச் செய்துதருகிறேன் என்று சொல்லுங்கள். ஒத்திவைத்த வார்த்தையையும் போட்டுவிடுகிறேன்: நலம்.

இப்படிக்கு,
கிராம்பு வாசத்தோடு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து மறுபடி சந்தேகப்பட வேண்டாம், பஸ் ஆடுகிறது. கடிதத்தை ஒட்டித் தபாலில் போடப் போனவன் பெட்டி முன்னால் நின்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து நின்றால், வருகிறேன் என்றாலும் வரமாட்டேன் என்றாலும் அவள் காரிடம் சொல்லிவிடுவாள். எனக்கும் அதுதான் சௌகரியம். கார் இல்லாமல் வந்தால் என்னிடம்தான் சொல்லியாக வேண்டும். அதனால் காரைப் போட்டுவிட்டு, மணலைக் கொட்டிவிட்டு, பையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மேலே வண்டியைப் பற்றி எழுதியதெல்லாம் அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து சீட் காலி. ஆள் வருதா என்று கண்டக்டர் கேட்டதற்கு, இன்னும் கேக்கல என்றேன், ஒரு மாதிரி பார்த்தார். ஒட்டியதைப் பிரித்து இதை எழுதி, உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே வர தைரியமில்லை. படித்து முடித்துவிட்டீர்கள் என்றால் தலையைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பாருங்கள், கேட்டுக்கு வெளியே பெண்பிள்ளைக் கைப்பையோடு நிற்பது நான்தான். குடிக்கத் தண்ணீர் வேண்டாம். அவளைக் கூப்பிட்டு, வாசலில் யாரோ நிற்கிறார்கள், யாரென்று பார் என்று மட்டும் சொல்லுங்கள்.